நீலக் குழந்தை: இதயத்தைத் தொடாமல் நடந்த ஓர் இதய அறுவை

1944 நவம்பர் 29. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை அரங்கில், ஒரு பெண் குழந்தையை மேஜைமேல் கிடத்தினார்கள். வயது 15 மாதம். எடை சுமார் 4 கிலோதான். நல்ல உடல்நிலையில் பிறந்த குழந்தை ஒன்றிரண்டு மாதத்தில் எட்டிவிடுகிற எடை அது. உதடு, நகம், விரல் நுனி எல்லாம் நீலம் பாரித்திருந்தன. ஆக்சிஜன் கூடாரத்துக்குள் வைத்துத்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

அறுவை செய்தவர் ஆல்பிரட் பிளாலாக். இப்படியொரு அறுவை செய்யலாம் என்ற யோசனையைக் கொண்டுவந்த குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக் பக்கத்தில் இருந்தார். பிளாலாக்கின் முதுகுக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் ஏறி நின்று தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் விவியன் தாமஸ். அவர் மருத்துவர் இல்லை, ஆய்வக உதவியாளர். தையல் தப்பான திசையில் போனால் அங்கிருந்தே மெல்லச் சொல்லித் திருத்தினார்.

அன்று யாரும் அந்தக் குழந்தையின் இதயத்தை அறுக்கவில்லை. பழுது இதயத்துக்குள் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இதயத்தை அப்படியே விட்டுவிட்டு, வெளியே ஓடும் ஒரு தமனியை மட்டும் வேறு இடத்தில் கொண்டுபோய் இணைத்தார்கள். அது எப்படி வேலை செய்தது என்று புரிந்துகொண்டால், இதயமும் ரத்த ஓட்டமும் பாதிக்குமேல் புரிந்துவிடும். இந்த நிகழ்வை நான் எடுத்துக்கொண்டதே அதற்காகத்தான்.

ரத்தம் வழக்கமாகப் போகும் வழி

பள்ளிப் புத்தகத்தில் இதயம் நாலு கட்டம் போட்ட வீடு மாதிரி இருக்கும். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, வலப்பாதி நீலம், இடப்பாதி சிவப்பு. படத்தில் தப்பில்லை. ஆனால் அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தக் குழந்தையின் நோய் பிடிபடாது. நிஜத்தில் வலது கீழறை முன்பக்கம் இருக்கிறது, மார்பெலும்புக்கு நேர் பின்னால். இடது கீழறை அதற்கும் பின்னால் இடப்புறமாக ஒதுங்கியிருக்கிறது. வலது கீழறையிலிருந்து கிளம்பும் நுரையீரல் தமனி, இடது கீழறையிலிருந்து கிளம்பும் பெருந்தமனிக்கு முன்னால் குறுக்கே கடந்து மேலே ஏறும். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட கயிறு போல இருக்கும். இந்த முறுக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வழிக்கு வருவோம். உடம்பெல்லாம் சுற்றி ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ரத்தம் மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை என்ற இரண்டு பெரிய குழாய்கள் வழியாக வலது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து மூவிதழ் வால்வைத் தாண்டி வலது கீழறை, பிறகு நுரையீரல் வால்வு, நுரையீரல் தமனி, இரண்டு நுரையீரல்கள். அங்கே ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு நான்கு நுரையீரல் சிரைகள் வழியாக இடது மேலறை, ஈரிதழ் வால்வு, இடது கீழறை, பெருந்தமனி வால்வு, பெருந்தமனி என்று வெளியேறி மறுபடி உடம்புக்குப் போகிறது. பெருந்தமனி முதலில் கிளை விடுவது இதயத்துக்கே. அதன்பின் கழுத்தருகே வில்லாக வளையும்போது வரிசையாக மூன்று கிளைகள் பிரிகின்றன. மூன்றாவது கிளை இடது காறை எலும்புக்கு அடியில் புகுந்து இடது கைக்குப் போகிறது. இந்தக் கதையின் நாயகம் அந்தத் தமனிதான்.

இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தமனி என்றால் சுத்த ரத்தம், சிரை என்றால் அசுத்த ரத்தம் என்று மனப்பாடம் செய்துவிடுகிறோம். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை, அவ்வளவுதான். நுரையீரல் தமனிக்குள் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். அப்புறம், 'அசுத்தம்' என்ற சொல்லும் சரியில்லை. சிரை ரத்தத்திலும் ஹீமோகுளோபினில் சுமார் 70 முதல் 75 சதவீதம் ஆக்சிஜனோடுதான் இருக்கிறது. நிறமும் நீலம் இல்லை, அடர்ந்த சிவப்பு.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. நுரையீரலுக்குப் போய்வரும் சுற்றும் உடம்புக்குப் போய்வரும் சுற்றும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கோத்தவை. வளர்ந்த ஒருவருக்கு ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் உடம்புக்குப் போகிறது என்றால், அதே 5 லிட்டர் நுரையீரலையும் தாண்டித்தான் வந்திருக்கிறது. நுரையீரலைத் தொடாமல் உடம்புக்குப் போக வழியே இல்லை. ஆனால் அழுத்தம் இரண்டு சுற்றுக்கும் ஒன்றல்ல. இடது கீழறை சுருங்கும்போது அழுத்தம் சுமார் 120 மில்லிமீட்டர் பாதரசம், வலது கீழறையில் சுமார் 25தான். நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் குழாய்களில் தடையும் குறைவு. அதனால் வலது கீழறையின் சுவர் மெலிதாகவே இருக்கும். இடதின் சுவர் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தடிமன். உடற்கூறு வகுப்பில் முதன்முதலாக இதயத்தைக் கையில் எடுப்பவர்கள் இரண்டு கீழறைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாலே போதும், எது எந்தப் பக்கம் என்று கை சொல்லிவிடும்.

இந்தக் குழந்தையின் இதயத்தில்

நோயின் பெயர் ஃபாலோ நாற்குறை. மார்செய் நகர மருத்துவர் ஃபாலோ 1888-ல் இதை 'நீல நோய்' என்று தெளிவாக விவரித்தார், பெயர் அவர் பேரில் நிலைத்தது. நான்கு குறைகள் இவை. நுரையீரலுக்குப் போகும் வாசல் குறுகியிருக்கும். இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை இருக்கும். பெருந்தமனி இடது அறைக்கு மட்டும் உரியதாக இல்லாமல் அந்த ஓட்டைக்கு மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். வலது கீழறையின் சுவர் தடித்திருக்கும்.

பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் இந்த நான்கையும் நான்கு தனித்தனிச் செய்திகளாக உருப்போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஏனென்றால் இது ஒரே குறை. கருவின் இரண்டாவது மாதத்தில் இதயத்திலிருந்து ஒரே ஒரு குழாய்தான் வெளியே போகிறது. அதற்குள் ஒரு தடுப்பு முறுக்கிக்கொண்டு வளர்ந்து இரண்டாகப் பிரிக்கிறது. முன்னால் சொன்ன கயிற்று முறுக்கு அங்கே உண்டாவதுதான். அந்தத் தடுப்பு தன் இடத்தில் நிற்காமல் சற்று முன்னால் நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் இருக்கும் நுரையீரல் வாசல் நெருக்குண்டு குறுகும். கீழேயிருந்து வளர்ந்து வரும் கீழறைச் சுவர் மேலே வந்து சேரும்போது பிடித்துக்கொள்ள அந்தத் தடுப்பு அங்கே இருக்காது, அதனால் ஓட்டை விழும். பின்னால் இடம் அதிகம் கிடைத்த பெருந்தமனி அகன்று ஓட்டைக்கு மேலே வந்துவிடும். நான்காவது குறை பிறகு நேர்வது. பெரிய ஓட்டையால் இரண்டு கீழறையிலும் அழுத்தம் ஒன்றாகிவிடுகிறது. 25-க்காகக் கட்டப்பட்ட அறை இடது அறை அளவுக்கு உழைக்க வேண்டியிருக்கிறது, எனவே தடிக்கிறது.

இப்போது வலது கீழறைக்குள் வந்த ரத்தத்தின் நிலையைப் பாருங்கள். அதற்கு இரண்டு வாசல். ஒன்று நுரையீரலுக்கு, அது குறுகல். இன்னொன்று ஓட்டை வழியாக நேராகப் பெருந்தமனிக்கு, அது அகலம். ரத்தத்துக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியாது, தடை குறைந்த பக்கம் போகும். ஆக்சிஜன் ஏறாத ரத்தம் நுரையீரலைத் தொடாமலேயே உடம்புக்குள் போய்விடுகிறது. 100 மில்லி ரத்தத்தில் ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் சுமார் 5 கிராமைத் தொட்டால் தோலில் நீலம் தெரியத் தொடங்கும். இந்தக் குழந்தைகளுக்கு அது தொடக்கத்திலேயே தாண்டிப் போய்விடும். ஆக்சிஜன் போதவில்லை என்று எலும்பு மஜ்ஜை மேலும் மேலும் சிவப்பணுக்களை உண்டாக்கும். ரத்தம் கெட்டிப்பட்டு உறையும் ஆபத்து வேறு சேர்ந்துகொள்ளும்.

நடக்கத் தெரிந்த வயதுக் குழந்தை என்றால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். நாலடி நடக்கும், மூச்சு வாங்கும், சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து முழங்காலை மார்போடு சேர்த்துக்கொள்ளும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கொஞ்ச நேரத்தில் நீலம் தணிந்து எழுந்து மறுபடி நடக்கும். குத்துக்காலிடும்போது கால் தமனிகள் மடங்கி நெருக்குண்கின்றன, பெருந்தமனிப் பக்கத்துத் தடை ஏறுகிறது. அகல வாசலில் எதிர்ப்புக் கூடியதும், ரத்தத்தில் இன்னும் கொஞ்சம் குறுகல் வாசல் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. மூன்று வயதுக் குழந்தையின் உடம்பு தானே கண்டுபிடித்த சிகிச்சை இது. இந்த விளக்கத்தை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. இந்தக் குழந்தைகளின் மார்பில் கேட்கும் இரைச்சல் குறுகிய நுரையீரல் வாசலில் ரத்தம் பீச்சியடிப்பதால் வருவது. நீலம் கடுமையாகித் துவளும் நேரத்தில் இரைச்சல் குறைந்துவிடும். சத்தம் அடங்கிவிட்டதே என்று நிம்மதி அடையக் கூடாது. அந்த வாசல் வழியாகப் போகும் ரத்தமே குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

மூடிக்கொண்ட குழாய் சொன்ன செய்தி

டாசிக்குக்குக் காது மந்தம். ஸ்டெதஸ்கோப்பில் மற்றவர்கள் கேட்பதை அவர் குழந்தையின் மார்பில் விரல் வைத்து அதிர்வாக உணர்ந்தார். எக்ஸ்-ரே திரையில் இதயத்தின் நிழலைப் பல கோணத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 1930 முதல் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் குழந்தை இதயப் பிரிவை நடத்திவந்த அவருக்கு ஒரு விஷயம் மறுபடி மறுபடி கண்ணில் பட்டது. இந்த நோயோடு பிறந்த சில குழந்தைகள் முதல் நாட்களில் ஓரளவு நன்றாக இருக்கின்றன. பிறகு திடீரென்று மோசமாகின்றன.

காரணம் ஒரு சிறு குழாய். கருவில் இருக்கும்போது நுரையீரலில் காற்று இல்லை, அதற்கு அவ்வளவு ரத்தம் தேவையும் இல்லை. அதனால் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். பிறந்து முதல் மூச்சு விட்ட பிறகு பெரும்பாலும் ஓரிரு நாளில் அது சுருங்கி மூடிக்கொள்ளும். ஃபாலோ நோய்க் குழந்தைக்கு அந்தக் குழாய் திறந்திருக்கும்வரை பெருந்தமனியிலிருந்து ரத்தம் அதன் வழியே நுரையீரலுக்கு வந்துகொண்டிருந்தது. மூடியதும் அந்த வரத்து நின்றது. அப்படியானால் மூடிய குழாய்க்குப் பதில் ஒன்றைச் செய்து வைத்தால் என்ன?

யோசனையை முதலில் அவர் பாஸ்டனில் ராபர்ட் கிராஸிடம் கொண்டுபோனார். 1938-ல் இதே குறுக்குக் குழாய், மூட வேண்டிய வயதில் மூடாமல் இருந்த ஒரு குழந்தைக்கு அதைக் கட்டி மூடிச் சாதித்தவர் கிராஸ். மூடுவதில் பேரெடுத்தவருக்குப் புதிதாக ஒன்றை உண்டாக்குவதில் ஆர்வம் வரவில்லை. பிறகு பிளாலாக்கிடம் வந்தது.

இங்கே ஒரு தற்செயல். பிளாலாக்கும் தாமஸும் 1930-களின் கடைசியில் நாஷ்வில் நகரில் வேலை பார்த்தபோது, நாய்களின் காறை எலும்புத் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்துப் பார்த்திருந்தார்கள். நுரையீரலில் அழுத்தம் ஏறுகிறதா என்று அறிவது நோக்கம். ஏறவில்லை. உதவாத சோதனை என்று ஒதுக்கி வைத்தது, டாசிக் தேடிய விடையாக மாறியது.

தாமஸைப் பற்றிச் சில வரி சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1910-ல் பிறந்தவர், தச்சு வேலை தெரிந்தவர். மருத்துவம் படிக்கச் சேர்த்து வைத்த பணம் வங்கி முறிந்தபோது போய்விட்டது. கறுப்பினத்தவர் என்பதால் ஆய்வகத்தில் ஆராய்ச்சி வேலை செய்தாலும் துப்புரவுப் பணியாளர் வகுப்பில்தான் சம்பளம் வாங்கினார். டாசிக் சேகரித்து வைத்திருந்த பிறவிக் குறை இதயங்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே பார்த்துப் படித்தார். ஏறக்குறைய 200 நாய்களிடம் முதலில் நோய் போன்ற நிலையை உண்டாக்கவும், பிறகு அதைச் சரிசெய்யவும் முறை கண்டார். குழந்தையின் தமனிக்கு ஏற்ற ஊசிகள் கிடைக்காததால் இருந்தவற்றையே வெட்டிக் கூராக்கிக்கொண்டார். பிளாலாக் அவரைத் தன் பின்னால் நிற்கச் சொன்னதற்குக் காரணம், இந்த இணைப்பில் தாமஸுக்கு இருந்த கைப்பழக்கம் அங்கே வேறு யாருக்கும் இல்லை என்பதுதான்.

மேஜையில் நடந்தது

இடது விலா எலும்புகளுக்கு நடுவே மார்பைத் திறந்து, நுரையீரலை ஒதுக்கி, இடது நுரையீரல் தமனியை வெளியே எடுத்தார்கள். பிறகு காறை எலும்புத் தமனியைச் சுற்றுத் திசுவிலிருந்து பிரித்தெடுத்து, கைப்பக்கம் கட்டிவிட்டு, வெட்டி, வெட்டிய முனையை மேலிருந்து கீழே வளைத்தார்கள். நுரையீரல் தமனியின் பக்கவாட்டில் சிறு துளை போட்டு அந்த முனையை அதில் பொருத்த வேண்டும். வைக்கோல் குழல் அளவுகூட இல்லாத தமனி அது.

தைப்பதற்கு முன் நுரையீரல் தமனியின் இரு பக்கமும் கவ்விகளைப் போட்டு ஓட்டத்தை நிறுத்த வேண்டும். ஏற்கெனவே ஆக்சிஜனுக்குத் தவிக்கும் குழந்தைக்கு, தைத்து முடிக்கும்வரை ஒரு நுரையீரலை முழுதாக இழுத்து மூடுவதாக அர்த்தம். அந்த நிமிடங்களைத்தான் எல்லோரும் அஞ்சினார்கள். மெல்லிய பட்டு நூலால் முதலில் பின்சுவர், அப்புறம் முன்சுவர். ஒவ்வொரு தையலிலும் இரண்டு தமனிகளின் உள்ளுறைகள் ஒன்றையொன்று தொடும்படி விளிம்பை வெளிப்பக்கம் மடித்துப் போட வேண்டும். உள்ளே நூலோ கிழிந்த விளிம்போ நீட்டிக்கொண்டிருந்தால் ரத்தம் அங்கே உறைந்து புது வழியை அடைத்துவிடும். கவ்விகளை எடுத்தார்கள். இணைப்பு நின்றது.

என்ன மாறியது? பெருந்தமனியில் அழுத்தம் அதிகம், குறுகல் வாசலைத் தாண்டிய நுரையீரல் தமனியில் மிகக் குறைவு. அதனால் துடிப்பு ஓயும் இடைவெளியில்கூடப் பெருந்தமனியிலிருந்து ரத்தம் புதுக் குழாய் வழியே நுரையீரலுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். அப்படி இறங்குவது பாதி நீலமான கலப்பு ரத்தம்தான். ஆனால் முதல் சுற்றில் நுரையீரலைத் தவறவிட்ட ரத்தத்துக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது. இடது மேலறைக்குச் சிவந்த ரத்தம் அதிகம் வருகிறது, கலவையில் சிவப்பின் பங்கு ஏறுகிறது. ஓட்டை அப்படியே, குறுகல் அப்படியே, பெருந்தமனி அமர்ந்த இடமும் அப்படியே.

விலை ஒன்று உண்டு. புது வழியில் போகும் ரத்தம் அத்தனையும் இடது கீழறைக்குத் திரும்பிவரும், அதற்குக் கூடுதல் சுமை. வழி மிக அகலமானால் நுரையீரலில் ரத்தம் வெள்ளமாகப் பாய்ந்து இதயம் சோர்ந்துவிடும், மிகக் குறுகினால் பயனில்லை. காறை எலும்புத் தமனி பொருத்தமான தேர்வு என்பதற்கு அதன் அளவும் ஒரு காரணம். ஆனால் 4 கிலோக் குழந்தையிடம் அந்த அளவே மிகச் சிறிது.

பிறகு

முதல் இரண்டு வாரம் அந்தக் குழந்தை பிழைக்குமா என்பதே கேள்விக்குறியாக இருந்தது. பிழைத்தது, நிறம் தெளிந்தது, சுமார் இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குப் போனது. சில மாதங்களில் நீலம் திரும்பியது. இன்னொரு அறுவை செய்தும், இரண்டாவது பிறந்தநாளுக்குச் சற்று முன் இறந்துபோனது. இதைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் சொல்லும் கட்டுரைகள் அந்தக் குழந்தைக்கு நியாயம் செய்யவில்லை என்றே நினைக்கிறேன்.

1945 பிப்ரவரியில் மேலும் இரண்டு குழந்தைகளுக்கு அறுவை நடந்தது. இவர்கள் வயதில் மூத்தவர்கள், தமனிகளும் பெரியவை. மூன்றாவது, ஆறு வயதுப் பையன். கவ்விகளை எடுத்ததும் மயக்க மருத்துவர் தலைமாட்டிலிருந்து நிறத்தைப் பார்க்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். எல்லோரும் திரைக்கு மேலே எட்டிப் பார்த்தபோது கருநீலமாக இருந்த உதடுகள் நல்ல சிவப்பாக மாறியிருந்தன.

மூன்று நோயாளிகளின் விவரமும் 1945 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. பிளாலாக், டாசிக் பெயர்கள் இருந்தன. தாமஸின் பெயர் இல்லை. 1976-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இன்று மருத்துவர்கள் பலர் இந்த இணைப்பை மூவர் பெயராலும் பிளாலாக்–டாசிக்–தாமஸ் இணைப்பு என்று சொல்கிறார்கள்.

இதயத்தின் உள்ளே போய்ச் சரிசெய்வது 1954-ல் மினசோட்டாவில் வால்டன் லில்லிஹை குழுவால் முடிந்தது. இன்று பெரும்பாலும் முதல் வயதுக்குள் ஓட்டையை ஒட்டுப் போட்டு மூடி, நுரையீரல் வாசலை அகலப்படுத்திவிடுகிறார்கள். உடனே முழு அறுவை செய்ய முடியாத பச்சிளங்குழந்தைக்கு இடைக்கால ஏற்பாடாக இந்த இணைப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் கைக்குப் போகும் காறை எலும்புத் தமனியை வெட்டுவதில்லை, அதற்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே சிறு செயற்கைக் குழாயைத் தைக்கிறார்கள்.

கைத் தமனியை வெட்டிய அந்தக் காலத்தில் இடது கை என்ன ஆயிற்று என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அழுகிப் போகவில்லை. கழுத்து, தோள்பட்டை, விலா ஓரங்களில் ஓடும் சிறு தமனிகள் ஒன்றோடொன்று இணைந்த வலை மாதிரி இருக்கின்றன. பெரிய வழி அடைபட்டதும் அவை மெல்ல மெல்ல அகன்று, சுற்றி வளைத்துக் கைக்கு ரத்தம் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. உங்கள் இரண்டு மணிக்கட்டிலும், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரே நேரத்தில் விரல் வைத்துப் பாருங்கள். நாடி இரண்டிலும் ஒன்றாக அடிக்கும். அந்தப் பழைய முறை அறுவை செய்துகொண்டு வளர்ந்தவர்களுக்கு, தமனி வெட்டப்பட்ட பக்கத்து மணிக்கட்டில் நாடி மிக மெலிந்திருக்கும், சிலருக்கு விரலுக்கே அகப்படாது. கை வெதுவெதுப்பாக இருக்கும், வேலையும் செய்யும். விவரம் தெரிந்த மருத்துவர் அவர்களுக்கு ரத்த அழுத்தத்தை மற்றக் கையில்தான் பார்ப்பார்.